பேக்கப் யார் கையில் இருக்கிறது?

இணையதளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனியே அதன் பேக்கப்பையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஸ்ட்ராஸ்பர்க்கிலும் டென்மார்க்கிலும் அப்படி நம்பியவர்கள் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல.

2021 மார்ச் 10. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரம், ரைன் நதித் துறைமுகப் பகுதி. ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் வளாகம் அங்கேதான் இருக்கிறது. நள்ளிரவு தாண்டி, மணி ஒன்று ஆவதற்குச் சற்று முன்பு அதன் இரண்டாம் கட்டடத்தில் தீப்பிடித்தது. ஐந்து மாடிகள், மாடி மாடியாக சர்வர்கள். சுமார் நூறு தீயணைப்பு வீரர்கள் விடிய விடியப் போராடினார்கள். தானாகவே தண்ணீர் பீய்ச்சி அணைக்கும் வசதி அந்தக் கட்டடத்தில் இல்லை. சர்வர்களின் சூட்டைத் தணிக்கக் காற்றோட்டமாகக் கட்டியிருந்த அமைப்பே தீ மளமளவென்று மேலேறவும் வழிசெய்தது. பொழுது விடிவதற்குள் கட்டடம் முழுவதும் எரிந்து முடிந்திருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் 12 அறைகளில் நான்கு சாம்பலாயின. தீ தொடாத மற்ற இரண்டு கட்டடங்களிலும் சர்வர்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இணையதளங்களைக் கணக்கெடுக்கும் நெட்கிராஃப்ட் நிறுவனத்தின் கணக்குப்படி, அன்று முடங்கிய இணையதளங்கள் 36 லட்சம். கடைகள், பத்திரிகைகள், வங்கிச் சேவைகள், பிரெஞ்சு அரசின் தகவல் தளம், பாரீஸின் புகழ்பெற்ற பொம்பிடு கலை மையத்தின் தளம் என்று பட்டியல் நீண்டது. ஓவிஹெச்சை உருவாக்கிய ஆக்டேவ் கிளாபா, தீ எரிந்துகொண்டிருந்தபோதே ட்விட்டரில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி போட்டார். உங்கள் பேரிடர் மீட்புத் திட்டத்தை உடனே செயல்படுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம்.

அப்படி ஒரு திட்டம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்? வேறு இடத்தில் பேக்கப் வைத்திருந்தவர்கள் வேறு சர்வருக்கு மாறி, சீக்கிரமே கடையைத் திறந்தார்கள். வைத்திருக்காதவர்கள் நிறுவனத்தின் அறிவிப்புக்காகக் காத்திருந்தார்கள். 'ரஸ்ட்' என்ற கணினி விளையாட்டை நடத்தும் ஃபேஸ்பஞ்ச் ஸ்டுடியோஸ், ஐரோப்பாவில் தன் 25 சர்வர்கள் அழிந்துவிட்டதாகவும் அவற்றில் இருந்த தகவலை மீட்கவே முடியாது என்றும் அறிவித்தது. விளையாடியவர்கள் முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. விளையாட்டு போனால் போகட்டும். பத்து வருட வாடிக்கையாளர் கணக்கோ, ஒரு சிற்றிதழின் மொத்தத் தொகுப்போ போயிருந்தால் எதிலிருந்து தொடங்குவது?

பணம் கட்டியும் கிடைக்கவில்லை

தீ அணைந்த பிறகுதான் பலருக்கு விஷயம் உறைத்தது. ஹோஸ்டிங் வாங்கினால் பேக்கப்பும் சேர்ந்தே வரும் என்று நினைத்திருந்தார்கள். அது தனிக் கட்டணச் சேவை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கட்டணத்தையும் கட்டியிருந்தவர்களில் சிலருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது.

பாட்டி கூர்தாஜ் என்ற பிரெஞ்சு நிறுவனம் ஓவிஹெச்சின் தானியங்கி பேக்கப் சேவைக்குப் பணம் கட்டி வந்தது. சர்வர் இருக்கும் இடத்திலிருந்து பிரித்து, தனியே பேக்கப் வைக்கப்படும் என்பது ஒப்பந்தம். விபத்துக்குப் பிறகு கேட்டபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்து, அதே தீயில் போயிருந்தது. வழக்கு லில் நகர வணிக நீதிமன்றத்துக்குப் போனது. ஒப்பந்தம் மீறப்பட்டிருக்கிறது என்று சொன்ன நீதிமன்றம், ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தீர்ப்பால் பணம் வரும். எரிந்துபோன தகவல் வராது.

வீட்டின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கும், இணையதளம் இருக்கும் இடத்திலேயே அதன் பேக்கப்பை வைப்பதற்கும் வித்தியாசம் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். 'தினசரி பேக்கப் இலவசம்' என்ற விளம்பர வரியைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். கூடவே வரும் நிபந்தனைகளைப் பொறுமையாகப் படித்தால், தகவலைப் பத்திரப்படுத்துவது வாடிக்கையாளரின் பொறுப்பு என்ற வாசகம் பல கம்பெனிகளின் ஒப்பந்தத்தில் இருக்கும். அவர்கள் எடுக்கும் பேக்கப், அவர்கள் வேலை தடையில்லாமல் ஓடுவதற்காக. நம் உழைப்பைக் காப்பாற்றும் கடமை நம்முடையது.

தீ மட்டுமே எதிரி இல்லை

'எங்கள் கம்பெனி மூன்று ஊர்களில் பிரதி வைத்திருக்கிறது, தீப்பிடித்தாலும் கவலையில்லை' என்று சிலர் சொல்லக்கூடும். மூன்று ஊர்களுக்கும் சாவி ஒன்றே என்றால் அந்தத் தைரியம் செல்லாது.

டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அந்த நிறுவனம் தன் சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அவற்றில் சிலவற்றுக்குள் ஏற்கெனவே தீங்கு செய்யும் மென்பொருள் பதுங்கியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. இடமாற்றத்தின்போது அவை உள் நெட்வொர்க்கோடு இணைக்கப்பட்டன. தாக்குதல்காரர்கள் அந்த வழியாக நிர்வாக சர்வர்களுக்குள் நுழைந்தார்கள். அங்கிருந்து முதல் பேக்கப், இரண்டாவது பேக்கப் இரண்டையும் பிடித்தார்கள். ஆகஸ்ட் 18 அதிகாலையில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். பணம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டோம் என்று சொன்ன நிறுவனம், வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் எல்லாத் தகவலையும் இழந்துவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தது. அந்த வாடிக்கையாளர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. தங்கள் கையில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளாதது மட்டுமே அவர்கள் விட்ட குறை.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் இழுத்து மூடப்பட்டதும் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி இருந்ததால்தான். மற்றவர்களின் மென்பொருள் நிரல்களைப் பாதுகாத்து வைப்பதே அதன் தொழில். அதன் கிளவுட் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் யாரோ புகுந்து பணம் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனம் பாஸ்வேர்டை மாற்ற முயன்றதும், புகுந்தவர் சர்வர்களையும் பேக்கப்புகளையும் வரிசையாக அழிக்கத் தொடங்கினார். சுமார் 12 மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெளியே தனியாக இருப்பதாக நம்பிய பிரதிகளும் தப்பவில்லை. நிறுவனம் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கெட்ட எண்ணம் இல்லாமலும் அழியலாம். ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் ஓய்வூதியச் சேமிப்பை நிர்வகிக்கும் நிதியம். 12,500 கோடி ஆஸ்திரேலிய டாலர் அதன் பொறுப்பில் இருந்தது. 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் இருந்த அதன் தனியார் கிளவுட் சந்தாவே அழிந்துபோனது. அதை அமைத்தபோது கூகுள் தரப்பில் ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அதனால் ஓராண்டு முடிந்ததும் அது தானாகவே நீக்கப்பட்டது. இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி வைத்திருந்தும், நீக்கம் இரண்டையும் சேர்த்தே பாதித்தது. ஒரு வாரத்துக்கு உறுப்பினர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. ஆனால் யூனிசூப்பர் வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது. மீட்பு வேலைக்கு அது பெரிதும் கைகொடுத்ததாக இரண்டு நிறுவனங்களின் தலைவர்களும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது.

அப்படிக் கைகொடுக்க எதுவும் இல்லாமல் போனது தென்கொரிய அரசுக்கு. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் உள்ள அரசின் தேசியத் தகவல் மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தபோது தீ மூண்டது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வைத்த 'ஜி-டிரைவ்' மொத்தமாக அழிந்தது. 858 டெராபைட் தகவல். அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். பெரிது என்பதாலேயே முதலில் காப்பாற்றியிருக்க வேண்டியது அது.

பெரிய விபத்துகள் செய்தியாகின்றன. நம் ஊர்ச் சின்னத் தளங்கள் சத்தமில்லாமல் போகின்றன. புதுப்பிக்க வேண்டிய தேதியில் கார்டு காலாவதியாகியிருக்கும். நினைவூட்டல் மெயில் யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும். தளத்தைக் கட்டிக் கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே பதிவு செய்திருப்பார். அவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், போன் எடுக்க மாட்டார். கட்டணம் நின்ற சில வாரங்களில் சர்வரில் இருந்ததைத் துடைத்துவிடுவது தொழிலில் சாதாரணம். இதில் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது.

எடுத்த பேக்கப் திரும்புமா?

பேக்கப் எடுத்தால் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் மென்பொருள் நிரல்களைச் சேமிக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். களைத்துப்போன ஒரு பொறியாளர், துணை சர்வரில் கொடுக்க வேண்டிய அழிப்புக் கட்டளையைப் பிரதான சர்வரில் கொடுத்துவிட்டார். கண நேரத்தில் புரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி டேட்டாபேஸில் மிஞ்சியது 4.5 ஜிபி.

ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். எதுவும் ஒழுங்காக உதவவில்லை. தினசரி எடுத்து அமேசான் சேமிப்பில் போட வேண்டிய பேக்கப், மென்பொருள் பதிப்புப் பொருந்தாததால் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. சேமிப்பு இடம் காலியாகக் கிடந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் போயின. கடைசியில் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த ஒரு பிரதி. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

இதை மூடி மறைக்காமல், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டி, முழு விவரத்தையும் வெளியிட்டது அந்த நிறுவனம். அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். அந்த விவரத்தைப் படித்துத் தங்கள் பேக்கப்பைச் சோதித்துப் பார்த்தவர்கள் உலகெங்கும் உண்டு. திருப்பிப் போட்டுப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

நம்மூர்த் தளங்களில் மிகப் பல வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. அதில் இரண்டு பகுதிகள். கட்டுரைகள், பின்னூட்டங்கள், வாடிக்கையாளர் பட்டியல், அமைப்புகள் எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். படங்களும் தளத்தின் தோற்றமும் ஃபைல்களாகத் தனியே இருக்கும். ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டால் பாதித் தளம்தான் திரும்பும். வேர்ட்பிரஸுக்குள்ளேயே இருக்கும் 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்திவிட்டுத் திருப்தி அடைகிறவர்கள் உண்டு. அந்த ஃபைலில் படங்கள் இருக்காது, படங்களின் முகவரி மட்டுமே இருக்கும். பழைய தளம் உயிரோடு இருந்தால் அங்கிருந்து படங்களை இழுத்துக்கொள்ளலாம். அது அழிந்திருந்தால் எழுத்து வரும், படம் வராது.

ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'முழு பேக்கப்' எடுப்பவர்களும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வேறு எதையும் தேர்வு செய்யாவிட்டால் அந்த ஃபைல் நம் சர்வரிலேயே போய் உட்காரும். டவுன்லோட் செய்து நம் கணினிக்குக் கொண்டுவரும் வரை அது பேக்கப் ஆகாது. இரண்டாவது, அந்த முழு பேக்கப்பை சிபேனலிலிருந்து நாமே திருப்பிப் போட முடியாது, ஹோஸ்டிங் கம்பெனிதான் போட்டுத் தர வேண்டும். அதனால் ஹோம் டைரக்டரியையும் டேட்டாபேஸையும் தனித்தனியாகவும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் தளம் நடத்துபவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பழைய டேட்டாபேஸ்கள் பலவற்றில் எழுத்துக் குறியாக்கம் 'லத்தீன்-1' என்றே பதிவாகியிருக்கும். தளத்தில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதால் நமக்குச் சந்தேகம் வராது. டேட்டாபேஸை எடுத்து வேறு சர்வரில் போடும்போதுதான் வினை தெரியும். தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், தெரிந்தவர்களை வைத்துச் சரிசெய்துவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அந்தப் பிரதியிலிருந்து எதையும் மீட்க முடியாது, எழுத்து அழிந்துவிட்டது என்று பொருள். அதனால் எடுத்த எஸ்க்யூஎல் ஃபைலை யூடிஎஃப்-8-இல் திறந்து, நடுநடுவே சில இடங்களில் தமிழ் தமிழாகவே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மெயிலை மறக்கக் கூடாது. ஹோஸ்டிங்கோடு சேர்ந்த மெயில் முகவரி என்றால், கடிதங்கள் இருப்பது அதே சர்வரில்தான். போனில் தெரிவது அதன் நிழல் மட்டுமே, சர்வரில் அழிந்தால் போனிலும் மறையக்கூடும். டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது சர்வருக்கு மாறும் அன்று அவை இல்லாமல் தடுமாறுகிறவர்கள் அதிகம்.

இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்' இருக்கிறதே என்று கேட்கலாம். அது அரிய பொதுச் சேவை. ஆனால் வெளியே தெரிந்த பக்கங்களில் சிலவற்றைத்தான் அது பிடித்து வைத்திருக்கும். டேட்டாபேஸ் அதனிடம் இருக்காது. 2024 அக்டோபரில் அதுவே தாக்குதலுக்கு ஆளாகிச் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது.

மூன்று, இரண்டு, ஒன்று

பேக்கப்புக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் சூத்திரம் 3-2-1. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தன் படங்களைக் காப்பதற்காக வகுத்தது, இன்று கணினித் துறைக்கே பாடமாகிவிட்டது. மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்றாவது வேறு இடத்தில். ஒரு சிறிய இணையதளத்துக்கு இதைப் பொருத்தினால், ஓடும் தளம் ஒன்று, நம் வீட்டிலோ கடையிலோ இருக்கும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, ஹோஸ்டிங் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத வேறொரு கிளவுட் கணக்கில் ஒன்று.

இதோடு சில விதிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த கிளவுட் கணக்குக்கு வேறு மெயில், வேறு பாஸ்வேர்டு இருக்கட்டும். அந்தப் பாஸ்வேர்டு சர்வரில் எங்கேயும் பதிவாகியிருக்கக் கூடாது. நம் கணினி போய் சர்வரிலிருந்து பேக்கப்பை எடுத்து வரும்படி அமைத்தால், சர்வருக்குள் புகுந்தவன் பேக்கப் வரை வர முடியாது. ஹார்ட் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். பழைய பிரதியின் மேலேயே புதியதை எழுதாதீர்கள். தளத்துக்குள் யாரோ புகுந்தது சில நேரம் மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும். நேற்றைய பேக்கப்பிலும் அந்த விஷம் இருக்கும். சில தினசரிப் பிரதிகள், சில வாரப் பிரதிகள், சில மாதப் பிரதிகள் என்று அடுக்கி வைத்தால்தான் சுத்தமான ஒன்றுக்குத் திரும்ப முடியும்.

சர்வருக்குள் இரண்டு டிஸ்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் 'ரெய்டு' அமைப்பை பேக்கப் என்று நினைப்பதும் தவறு. ஒரு டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். தவறாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். ஜர்னல்ஸ்பேஸ் என்ற தளம் அதை மட்டுமே நம்பியிருந்து, டேட்டாபேஸ் முழுவதையும் இழந்து, 2009 தொடக்கத்தில் மூடப்பட்டது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பேக்கப்பில் வாடிக்கையாளர்களின் பெயர், போன் எண், முகவரி எல்லாம் இருக்கும். அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. தளத்தின் பொதுவெளி ஃபோல்டரில் பேக்கப் ஃபைலை விட்டுவைத்தால் யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட ஃபைல்களைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஏராளம். வெளியே எடுத்த பிரதிக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். அந்தப் பாஸ்வேர்டை நம்பகமான இன்னொருவருக்கும் தெரியப்படுத்துங்கள்.

கடைசி வேலைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது, நம் கணினியிலோ வேறொரு மலிவான ஹோஸ்டிங்கிலோ அந்த பேக்கப்பை வைத்துத் தளத்தை மறுபடி எழுப்பிப் பாருங்கள். முதல் பக்கம் வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மிகப் பழைய பதிவு ஒன்று, நேற்றைய பதிவு ஒன்று, ஒரு படம், ஒரு வாடிக்கையாளர் கணக்கு என்று திறந்து பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது, எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்று குறித்து வையுங்கள். தளம் விழும் நாளில் அந்தக் குறிப்புதான் உங்களை நடத்திச் செல்லும்.

கட்டுமானப் பிழை, தீ, திருட்டு, மறதி எதையும் நம்மால் முழுவதும் தடுக்க முடியாது. அவற்றோடு சேர்ந்து நம் உழைப்பும் போகாமல் தடுக்க முடியும். அதற்கு ஆகும் செலவு, ஒரு ஹார்ட் டிஸ்கும் வாரத்தில் அரை மணி நேரமும். சங்கத்தின் தளமோ, பள்ளியின் தளமோ, கடையின் தளமோ, நீங்கள் தனியே வளர்த்த இதழோ, எதற்குப் பொறுப்பாக இருந்தாலும் அதன் ஹோஸ்டிங் கணக்கை இந்த வாரமே திறங்கள். டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். டேட்டாபேஸையும் ஃபைல்களையும் டவுன்லோட் செய்யுங்கள். தளத்தை இன்னொருவர் உங்களுக்காக நடத்துகிறார் என்றால், ஒரு முழுப் பிரதியை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.